சன்னல் கட்டையில் வைத்த சீனி

என் தங்கை செல்விக்குக் கால் முறிந்துவிட்டது என்று கடிதம் வந்தபோது, எங்கள் ஊரில் தேரியின் செம்மணல் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அவளும் அவள் வீட்டுக்காரர் தானியேலும் இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மிஷனரிகளாக இருந்தார்கள். போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மழையில் தண்ணீர்க் குடத்தோடு படியில் வழுக்கி விழுந்தாளாம். பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, யாராவது வந்தால் உதவியாக இருக்கும் என்று தானியேல் எழுதியிருந்தார்.

யாராவது என்றால் நான்தான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணனுக்குக் கடையை விட்டு நகர முடியாது. நான் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்பவள். கலியாணம் ஆகவில்லை, வயது நாற்பத்தேழு. முழுப் பரீட்சை லீவுக்காக விடுதியும் பூட்டிக் கிடந்தது.

ஆனால் நான் மதுரைக்கு அப்பால் தனியாகப் போனதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சன்னலைத் திறக்கச் சொல்லக்கூட எனக்கு வாய் வராது. அங்கே சண்டை நின்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. "இப்போ போனாத்தான் உண்டு" என்று அண்ணன் சொன்னான். ஓலைக் கொட்டான் ஒன்றில் கருப்பட்டியும், இன்னொன்றில் கருவாட்டுப் பொடியும் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். போய் வந்த கதையை, மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

கடலைத் தாண்டிப் பதுளை வரை யாரிடமும் வாய் திறக்காமலே வந்துவிட்டேன், அங்கிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு முதல் சோதனை வந்தது. அந்த ரோடு நேராக ஒரு பனை மர நீளம்கூடப் போகாது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். மூன்றாவது வளைவிலேயே எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா, வெள்ளைச் சட்டை போட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் தன் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் மூக்கில் வைத்தார். ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பின் சீட்டுக்காரர் தமிழில் சொன்னார்: "கண்ண மூடாதீங்களாம். தூரத்து மலையப் பாருங்கன்னு சொல்றாங்க."

மலையைப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் மலைதான் இருந்தது, அது வசதியாகப் போயிற்று.

ஒரு ஏற்றத்தில் பஸ் இருமி நின்றுவிட்டது. நின்றதோடு மெல்லப் பின்னால் நகரவும் செய்தது. நான் "இயேசுவே" என்று கத்திவிட்டேன். வேறு யாரும் கத்தவில்லை. கண்டக்டர் பையன்களைப் போலத் துள்ளி இறங்கி, சீட்டுக்கு அடியில் தயாராக வைத்திருந்த ஒரு கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுத்தார். எல்லோரும் இறங்கி ஏற்றத்தின் உச்சி வரை நடந்தோம், வெறும் பஸ் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அந்த அம்மா என் கொட்டான் ஒன்றைத் தானாக வாங்கிச் சுமந்து வந்தார். இறங்கும்போது எலுமிச்சம்பழத்தை என் கையிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆண்டவர் அவரை ஆசீர்வதிக்கட்டும்.

பசறை கடைத்தெருவில் தானியேல் குடையோடு நின்றார். "மைனி, வாங்க. இனிமே நடைதான்" என்றார். இரண்டு மைல் ஏற்றம். தேயிலைச் செடிகள் இடுப்பளவு உயரத்தில் பாயைப் பரத்தியது போல மலை முழுக்கக் கிடந்தன. மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்தது, பிறகு தானாகவே விலகியது. வீடு போய்ச் சேர்ந்து செருப்பைக் கழற்றினால் கணுக்காலில் இரண்டு அட்டை. தானியேல் உப்பைத் தூவினார். செல்வி நாற்காலியில் காலை நீட்டியபடி சிரித்தாள்.

"அட்டை கடிச்சாச்சுல்லா? இனி நீ தோட்டத்து ஆளுக்கா."

"ஏட்டி, நீ என்ன இப்பிடி எலும்பா போயிட்ட?" என்று கேட்டேன். அவளோ என் கருப்பட்டிக் கொட்டானை முகர்ந்துகொண்டிருந்தாள்.

மிஷனரிகள் என்றதும் ஒரு பங்களாவும் தோட்டமும் இருக்கும் என்று எங்கள் ஊரில் இன்னும் பேசிக்கொள்வார்கள். செல்வியின் வீடு லயத்தில் இருந்தது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகள். ஒரு குடும்பத்துக்குக் காம்பரா என்ற ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்ற சின்னத் திண்ணை, பின்னால் அடுப்படி. இவர்களுக்கு இரண்டு காம்பரா சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

மறுநாள் விடிவதற்குள் லயம் எழுந்துவிட்டது. பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டும், அங்கேதான் அன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரிப்பார்கள். பெண்கள் தலையில் கூடைக் கயிற்றை மாட்டி, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு இருட்டிலேயே ஏறிப் போனார்கள். ஏறும்போதும் பேச்சு ஓயவில்லை. எனக்குச் சும்மா நிற்கும்போதே மூச்சு வாங்கியது.

தானியேலின் நாளும் அப்போதே தொடங்கிவிடும். ஒருவருக்குப் பிறப்புப் பதிவு இல்லை, இன்னொருவருக்கு அடையாள அட்டையில் அப்பா பெயர் தப்பு, ஒரு பாட்டனாருக்குத் தான் எந்த நாட்டுக்காரர் என்பதே காகிதத்தில் இல்லை. எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு வருவது ஒன்பது குடும்பம், மனு எழுத வருவது முழுத் தோட்டமும். "பிரசங்கம் எப்போ மாப்பிள்ளே பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "இதுக்கு நடுவுல எடம் கெடச்சா பண்ணுவேன் மைனி" என்றார்.

செல்வியின் வேலை மாலையில். கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை உருட்டும் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள். பதினோரு பேர். வகுப்பு இவள் வீட்டில் நடக்கவில்லை. மிஷனரி வீட்டுக்குப் போனால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் அங்கே இருந்தது. அதனால் நடு லயத்தில் சிவனம்மா என்பவரின் காம்பராவில் நடந்தது. சிவனம்மா முருக பக்தை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போய் வந்தவர். அவர் வீட்டில் நடந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு கதவு திறக்க இரண்டு வருஷம் ஆனது என்று செல்வி சொன்னாள்.

"நான் விழுந்ததுலேர்ந்து வகுப்பு நிக்குதுக்கா. நீ போயேன்."

"நானா? என்னட்டி சொல்லுத? எனக்கு என்ன தெரியும்?"

"அ-னா தெரியும்லா? அது போதும்."

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கிள்ளிய தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் திரும்பிய பிறகு, பலகையையும் சாக்கட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். சிவனம்மா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஒல்லியாக, முதுகு சற்றே முன்னால் வளைந்து இருந்தார். வாசலுக்கு வந்து "வாங்க, வாங்க. உள்ளுக்கு வாங்க" என்று கூட்டிப் போனார்.

உள்ளே சற்று முன்தான் பூசை நடந்திருக்கிறது. முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது, கற்பூர வாடை இன்னும் போகவில்லை. சிவனம்மா அடுப்படிக்குப் போய்த் தம்ளரில் கறுப்பாகத் தேத்தண்ணி கொண்டுவந்தார். பிறகு சாமிப் படம் இருந்த அதே பலகையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "கையக் காட்டுங்க" என்றார். காட்டினேன். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்தார்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. அம்மன் கோயில் கொடை நாளில் பக்கத்து வீட்டார் நட்பாகப் பொங்கல் கொண்டுவந்தால்கூட, "படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்சதுதான்" என்று அவர்களே சொல்லித் தருவார்கள். சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம். கற்பூர வாடை, சாமிப் பலகை, கையில் சீனி. இது படைத்தது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். வாய் வரவில்லை. சிவனம்மா திரும்பியபோது சீனியைச் சன்னல் கட்டையில் மெல்ல வைத்துவிட்டு, தேத்தண்ணியை மட்டும் குடித்தேன். கசந்தது. இந்த ஊரில் இப்படித்தான் குடிப்பார்கள் போலிருக்கிறது என்று கண்ணை மூடி விழுங்கினேன்.

பெண்கள் வந்தார்கள். நான் பலகையில் எழுத, அவர்கள் எழுதினார்கள். மாரியாயி என்ற பெண் ஒருத்தி, "டீச்சரம்மா நிறுத்தாமப் பேசுவாங்க, அவங்க அக்கா பேசவே மாட்டேங்கிறாங்க. வீட்டுல பேச்சயெல்லாம் தங்கச்சிக்கே குடுத்திட்டாங்க போல" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பாதியில் அதே மாரியாயி, "இங்க என்ன இது, எறும்பு ஊர்கோலம் போகுது?" என்றாள். சன்னல் கட்டையில் சீனியைச் சுற்றி எறும்புகள் மொய்த்திருந்தன. சிவனம்மா எழுந்து வந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். ஈரத் துணியால் துடைத்தெடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். வகுப்பு முடியும் வரை அவர் திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை போனபோது கதவு பாதி சாத்தியிருந்தது. சிவனம்மா வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்கு வகுப்பு இல்லீங்க."

"நாளை கழிச்சு வரட்டுமா?"

"நாளை கழிச்சும் இல்லீங்க. எடம் பத்தல."

முந்தைய நாள் பதினோரு பேர் உட்கார்ந்த இடம். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். வழியில் மாரியாயியைப் பார்த்தேன். அவள் கோழியைத் தேடுவது போலக் கீழே குனிந்துகொண்டாள்.

காரணம் எனக்குப் பீலிக்கரையில் தெரிந்தது. பீலி என்பது மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் தண்ணீர், லயத்துக்கே அதுதான் ஆதாரம். குடத்தோடு நான் மேட்டுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கீழே இரண்டு பெண்கள் துணி அலசியபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கடையில சீனி முடிஞ்சிருச்சின்னு அவ மேல் லயம் வரைக்கும் போயி கேட்டு வாங்கியாந்தா. இந்தியாவுலேர்ந்து வந்திருக்காங்க, வெறுங்கையோட எப்படித் தேத்தண்ணி குடுக்கிறதுன்னு."

"கையில வாங்கி சன்னல்ல வச்சிட்டாங்களாமே?"

"எறும்புக்குப் போட்டாங்கடி. சிவனம்மா வீட்டு எறும்பு இனிமே ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போகும் பாரு."

"சிரிக்காத. அவ அழுதாளாம். நம்ம கை ஆகாதவங்க எதுக்கு நம்ம வீட்டுல வந்து ஒக்காரணும்?"

குடத்தை நிரப்பாமல் வந்துவிட்டேன். செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அக்கா, இங்க சீனியத் தேத்தண்ணியில கலக்க மாட்டாங்க. கலக்குனா நெறைய வேணும். உள்ளங்கையில கொஞ்சம் வச்சு, ஒரு நக்கு நக்கி ஒரு மொடக்குக் குடிப்பாங்க. எல்லா வீட்லயும் அப்பிடித்தான். வேற ஒண்ணுமில்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அது மட்டும்னா பரவாயில்லக்கா. நாங்க வந்த புதுசுல அவங்க வீட்டுக்குப் போனப்போ நான் நேராவே சொல்லிட்டேன், நாங்க படைச்சது சாப்பிட மாட்டோம், தப்பா நெனக்காதீங்கன்னு. அவங்க கோவப்படல. 'நீங்க மனசு மறைக்காமச் சொன்னீங்க. என் வீட்டுல ஒங்களுக்குப் படைச்சத ஒருநாளும் தர மாட்டேன், நம்பிக் குடிங்க'ன்னாங்க. அந்த வார்த்தையிலதான் அந்தக் கதவே திறந்துச்சு. நீ சீனிய வைக்கல. அந்த வார்த்தைய சன்னல்ல வச்சிட்ட."

தானியேல் உடனே எழுந்தார். "நான் போய்ப் பேசிட்டு வாரேன்." செல்வி கையைக் காட்டி உட்காரவைத்தாள். "நீங்க போனா அது ஊர் விவகாரமாயிரும். விடுங்க."

மறுநாள் ஞாயிறு. கோயில் மேட்டில் இருந்தது. தகரக் கூரை, ஒன்பது குடும்பம், ஆர்மோனியம் இல்லை, ஒரு தபேலா மட்டும். எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் ஆயிரம் பேர் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த முப்பது பேர் குளிரில் பல் தந்தியடிக்கப் பாடியபோது எனக்குக் கண் கலங்கியது. செல்வியை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கோயிலுக்கு வருகிறவரே இல்லை. தூக்கி வைத்துவிட்டு வெளியில் நின்று பீடி குடித்துவிட்டு, முடிந்ததும் திரும்பத் தூக்கிப் போனார்.

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் தேத்தண்ணி கொடுத்தார்கள். வரிசையாக எல்லோரும் கையை நீட்டினார்கள். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியாரின் மனைவி ஒரு கரண்டியால் உள்ளங்கை உள்ளங்கையாகச் சீனி வைத்துக்கொண்டே போனார். என் முறை வந்தது. நக்கினேன், குடித்தேன். கசப்பும் இனிப்பும் தனித்தனியாக வந்து தொண்டையில் சேர்ந்தன. அவ்வளவு நல்ல தேத்தண்ணியை அதற்கு முன் நான் குடித்ததில்லை. வெட்கத்தில் அழுகையும் வந்தது. குளிருக்கு மூக்கு ஒழுகுகிறது என்று நினைத்திருப்பார்கள்.

திங்கள் மாலை மழை. "நானே போறேன்" என்று செல்வியிடம் சொன்னேன். அவள் பலகையை எடுத்துத் தந்தாள். வேண்டாம் என்றேன். கருப்பட்டிக் கொட்டானை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த ஊர் ஈரத்துக்குக் கருப்பட்டி கசிந்து ஓலையெல்லாம் பிசுபிசுத்திருந்தது.

சிவனம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வகுப்பு இல்லீங்கன்னு சொன்னேனே" என்றார்.

"வகுப்புக்கு வரல."

"பின்ன?"

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் நினைவில் இல்லை. "தேத்தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன். என் வாழ்நாளில் ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு வாய் தண்ணீர்கூட நான் கேட்டதில்லை.

"பால் இல்ல."

"பால் வேண்டாம்."

"சீனியும் இல்ல. எறும்பு தின்னுருச்சு."

"கருப்பட்டி கொண்டாந்திருக்கேன். எங்க ஊர் கருப்பட்டி."

அவர் அடுப்படிக்குப் போனார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் பின்னாலேயே போய் அடுப்படி நிலையில் நின்றேன். விறகு ஈரம், புகைதான் வந்தது. அவர் ஊதினார். ஊதிக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு என்னன்னு நெனச்சீங்க? உண்மையச் சொல்லுங்க."

"சாமிக்குப் படைச்சதுன்னு நினைச்சேன்."

"ஒங்க தங்கச்சிக்கு நான் குடுத்த வார்த்த ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. பொறவுதான் சொன்னா."

"தெரியலன்னா கேக்கிறதுதானே? கேட்டா வாயி வலிக்குமா?"

"கேக்கக் கூச்சம்."

"கூச்சமா?" சிவனம்மா ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "கடலத் தாண்டி வர்றதுக்குக் கூச்சமில்ல. ஒத்த வார்த்த கேக்கக் கூச்சமா?"

"வர்றதுக்கும் கூச்சந்தான். தங்கச்சிக்குக் கால் முறிஞ்சிட்டுதுன்னு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் கொதித்ததும் இரண்டு தம்ளரில் தேத்தண்ணி ஊற்றினார். நான் ஒரு கருப்பட்டியை உடைத்து ஒரு துண்டை அவரிடம் நீட்டினேன். கையைக் காட்டினார், உள்ளங்கையில் வைத்தேன். அதை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு முன் காம்பராவுக்குப் போய், அதே சன்னல் கட்டையில், அதே இடத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

நான் என் தம்ளரோடு பின்னாலேயே போய் நின்றேன். மழை தகரத்தில் கொட்டியது. இருவரும் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஓர் எறும்பு வந்தது. கருப்பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. திரும்பி வரும்போது இன்னும் இரண்டைக் கூட்டி வந்தது.

"பாத்தீங்களா, ஒங்க ஊருதும் அதுங்களுக்குப் புடிக்குது" என்றார் சிவனம்மா. எழுந்து போய்த் துண்டை எடுத்தார், எறும்பை ஊதினார், வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் சிரித்தார். "ஒக்காருங்க. ஆறிப் போயிரும்."

உட்கார்ந்தேன். கையில் கருப்பட்டியோடு குடித்தேன். ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம் என்று உள்ளுக்குள் சொன்னேன். அதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "ஒங்க சாமிக்கு அப்புறமா சொல்லுங்க. இதக் கொஞ்சம் பாருங்க" என்று முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

அவருடைய மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். கடிதம் சனிக்கிழமை வந்திருக்கிறது. முன்பெல்லாம் கடிதம் வந்தால் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்வார். எல்லோரும் "நல்லா இருக்காளாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்களாம். "ரெண்டு பக்கம் எழுதியிருக்கா. நல்லா இருக்கேன்னு எழுத ரெண்டு பக்கம் எதுக்கு? அதான் வகுப்புல ஒக்காந்தேன்." மூன்று நாளாகப் பிரிக்காமல் வைத்திருந்தார். வகுப்பை நிறுத்தியதில் யாருக்கு அதிக நட்டம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கடிதத்தை வாசிக்க நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "நான் வாசிப்பேன். முட்டுன எடத்துல மட்டும் சொல்லுங்க."

ஒவ்வோர் எழுத்தாகக் கொழுந்து கிள்ளுவது போலப் பொறுக்கி எடுத்தார். "அ... அன்... அன்புள்ள... அம்மா... வுக்கு." அந்த ஒரு வரிக்கே தேத்தண்ணி ஆறிவிட்டது. நான் விரலை எழுத்தின் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். "நான்... நல்லா... சாப்..பிடு..றேன்." நிறுத்தினார். "பொய் சொல்றா. போன போட்டோவுல கழுத்தெலும்பு தெரிஞ்சிச்சு." அடுத்த பக்கத்தில், மகள் கையில் கத்தி பட்டதும் அந்த வீட்டம்மா மருந்து போட்டதும் இருந்தது. அந்த இடத்தில் சிவனம்மா முட்டவேயில்லை. எழுத்து எழுத்தாக, ஒன்றையும் விடாமல் வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத ஒருத்தரும் எனக்கு வாசிச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

மறுநாள் வகுப்புக்குப் பதினோரு பேரும் வந்தார்கள். எப்படி இடம் பத்தியது என்று யாரும் கேட்கவில்லை. "என்னம்மா, கோழி கெடச்சிருச்சா?" என்று நான் கேட்டதும் மாரியாயி வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். அதுதான் நான் அந்த ஊரில் சொன்ன முதல் பகடி.

அதன் பிறகு நான்கு வாரம் நாள்கள் ஓடியதே தெரியவில்லை. காலையில் ரொட்டி தட்டவும் தேங்காய்ச் சம்பல் இடிக்கவும் கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு நான் கருவாட்டுப் பொடி அரைக்கக் கற்றுக்கொடுத்தேன். பண்டாரவளைப் பக்கமிருந்து வரும் முட்டைக்கோஸ் எங்கள் ஊர்க் கோஸைப் போல வாடி இருக்காது, கடித்தாலே இனிக்கும். ஒருநாள் மலைக்குக் கூட்டிப் போய்க் கொழுந்து கிள்ளச் சொன்னார்கள். நான் கிள்ளியதைப் பார்த்த சிவனம்மா, "நல்லவேள, நீங்க சமைக்கப் போனீங்க" என்றார்.

செல்விக்குக் கட்டுப் பிரித்த வாரம் நான் புறப்பட வேண்டியிருந்தது. விடுதி திறக்க நாள் ஆகிவிட்டது. கடைசி நாள் காலையில் லயத்தின் முதல் வீட்டில் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். தேத்தண்ணி. இரண்டாவது வீடு, தேத்தண்ணி. ஒரு வீட்டில் குடித்து ஒரு வீட்டில் மறுக்க எனக்கு இனி ஆகாது. பன்னிரண்டு வீடும் குடித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளங்கையில் சீனி. சிவனம்மா வீடு கடைசி. அவர் சீனியை வைத்துவிட்டு, "சன்னல் அந்தப் பக்கம் இருக்குங்க" என்று கையைக் காட்டினார். நான் அவர் முன்னாலேயே உள்ளங்கையைச் சுத்தமாக நக்கிக் காட்டினேன்.

பன்னிரண்டு தம்ளர் தேத்தண்ணியும் பசறை ரோடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. பாதி வழியில் தாங்க முடியவில்லை. முன்பு என்றால் பதுளை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். எழுந்து நின்று, "கொஞ்சம் நிறுத்துங்க" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். பஸ் நின்றது. நான் தேயிலைக்குள் போய்விட்டு வரும் வரை எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஏறும்போது கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. ஒரு பெண் எனக்குச் சொன்னாள்: "தோட்டத்து விருந்தாளிங்களுக்கு எப்பவும் இந்த வளைவுலதான் நிறுத்துறதாம்."

ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து செல்வியின் கடிதம் வந்தது. கால் சரியாகிவிட்டது, படி ஏறுகிறாள், வகுப்பில் இப்போது பதினாலு பேர் என்று எழுதியிருந்தாள். கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருந்தாள். அதில் பென்சிலால், பெரிது பெரிதாக, கோடு ஏறி இறங்கி நான்கு வரி இருந்தது.

"டீச்சரம்மா அக்காவுக்கு. நான் சுகம். மகளுக்கு நானே கடிதம் போட்டேன். கருப்பட்டி முடிஞ்சிருச்சு. சிவனம்மா."

அதை விடுதி அடுப்படியில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், ஓலைக் கொட்டான் ஒன்று முடைந்து தருவீர்களா என்று கேட்டேன்.